குதிரைத் திறன் 190: விவரத்தாள் சொல்லாத கணக்கு

சென்ற பருவத்தில் வெப்ப இயக்கவியல் பாடத்தை முடித்துவிட்டு வகுப்பை விட்டு வெளியே வந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒரு விவரத்தாளை நீட்டினார். "சார், என் அண்ணன் அமெரிக்காவில் மின்னெசோட்டாவில் வேலை பார்க்கிறார். 2017ஆம் ஆண்டு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கலாமா என்று யோசிக்கிறார். அந்த வண்டியில் இரண்டு விதமான எஞ்சின் உண்டாம். ஒன்று 2.4 லிட்டர், மற்றது 1.5 லிட்டர். ஆனால் சின்ன எஞ்சினுக்குத்தான் குதிரைத் திறன் அதிகம் என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா சார்?" என்று கேட்டார்.

அச்சுப் பிழை இல்லை. ஆனால் அவருடைய ஐயம் சரியான ஐயம். நடைபாதையில் நின்றுகொண்டு பதில் சொல்லிவிடக் கூடியதும் அன்று. ஒரு நூலை மதிப்பிடும்போது அதன் நிறை என்ன, குறை என்ன, முன்னுரையில் சொல்லப்படாதது என்ன என்று பார்க்கிறோம் அல்லவா? அதேபோல் ஓர் எஞ்சினையும் மதிப்பிடலாம். அதற்குத் தேவையான இயற்பியல் உங்கள் மேல்நிலைப் பாடநூலிலேயே இருக்கிறது. வாருங்கள், செய்து பார்ப்போம்.

எண்கள் பேசட்டும்

நாம் எடுத்துக்கொள்வது 2017இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஹோண்டா சி.ஆர்.-வி என்னும் எஸ்.யு.வி. வண்டி. அதன் தொடக்க வகையில் டர்போ இல்லாத 2.4 லிட்டர் எஞ்சின். கொள்ளளவு 2356 கன செ.மீ. அதன் திறன் நிமிடத்துக்கு 6400 சுற்றில் 184 குதிரைத் திறன். பெருமத் திருப்பு விசை 3900 சுற்றில் 244 நியூட்டன் மீட்டர்.

விலை கூடிய வகைகளில் டர்போ எஞ்சின். கொள்ளளவு 1498 கன செ.மீ. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 73 மி.மீ. விட்டம், 89.5 மி.மீ. வீச்சு. அமுக்க விகிதம் 10.3க்கு 1. பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. திறன் 5600 சுற்றில் 190 குதிரைத் திறன். திருப்பு விசை 2000 முதல் 5000 சுற்று வரை 243 நியூட்டன் மீட்டர்.

விவரத்தாளில் பெரிய எழுத்தில் நிற்பது 190 என்ற எண்தான். அதை முதலில் சோதிப்போம். திறன் என்பது திருப்பு விசையைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கி வருவது. 190 குதிரைத் திறனை 746ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,41,700 வாட். 5600 சுற்று என்பது வினாடிக்கு 586 ரேடியன். வகுத்துப் பாருங்கள்: 242 நியூட்டன் மீட்டர் வருகிறது. பெருமத் திருப்பு விசையாகச் சொல்லப்பட்டது 243. ஆகவே இரு எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. விவரத்தாள் பொய் சொல்லவில்லை.

இப்போது அதே கணக்கை 2000 சுற்றுக்குச் செய்யுங்கள். 243ஐ 209 ரேடியனால் பெருக்கினால் சுமார் 51 கிலோவாட், அதாவது 68 குதிரைத் திறன். நகரத்துத் தெருவில் நாள்தோறும் ஓட்டுபவர் எஞ்சினை 5600 சுற்றுக்கு விரட்டுவது அரிது. அவர் பெரும்பாலும் இந்த 2000 சுற்றின் அக்கம்பக்கத்தில்தான் இருப்பார். அவருக்குக் கிடைப்பது 190 குதிரை அன்று. கிடைக்கக் கூடிய மேல் எல்லையே 68.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. டர்போ இல்லாத எஞ்சின் தன் முழு இழுவையை அடைய 3900 சுற்று வரை காத்திருக்க வேண்டும். டர்போ எஞ்சின் 2000 சுற்றிலேயே அதைத் தந்துவிடுகிறது. மேட்டில் ஏறும்போதும், முன்னே செல்லும் லாரியைத் தாண்டும்போதும் ஓட்டுநர் உணர்வது இந்த இழுவையைத்தான். அப்படியானால் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டியது எது? 190ஆ, 2000ஆ? என்னைக் கேட்டால் இரண்டாவது எண்ணைத்தான் சொல்வேன்.

சின்னதில் பெரியதை அடைத்த விதம்

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். நான்கடி எஞ்சினில் ஒரு முழு வேலைச் சுழற்சிக்குக் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்ற வேண்டும். இரண்டு சுற்று என்பது 4 பை ரேடியன், ஏறத்தாழ 12.57. திருப்பு விசையை இதனால் பெருக்கினால் ஒரு சுழற்சியில் எஞ்சின் செய்யும் வேலை கிடைக்கும். சின்ன எஞ்சினுக்கு 3054 ஜூல். பெரிய எஞ்சினுக்கு 3066 ஜூல். கிட்டத்தட்ட ஒன்றே!

வேலை என்பது அழுத்தத்தைப் பருமனால் பெருக்கி வருவது என்பதையும் படித்திருக்கிறீர்கள். எனவே இந்த வேலையைக் கொள்ளளவால் வகுத்தால் பிஸ்டன் மீது படும் சராசரிப் பயனுறு அழுத்தம் தெரிந்துவிடும். பெரிய எஞ்சினில் அது 13 லட்சம் பாஸ்கல். சின்ன எஞ்சினில் 20.4 லட்சம் பாஸ்கல். ஒன்றரை மடங்குக்கும் மேல். மாயம் ஏதும் இல்லை. குறைந்த இடத்தில் கூடுதல் அழுத்தம், அவ்வளவுதான்.

இந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது? வீணாக வெளியேறும் புகை வாயுவின் ஆற்றலைக் கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுற்றவைத்து, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறார்கள். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட்டலாம். பெட்ரோல் கூடினால் வேலை கூடும்.

ஆனால் காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இது தெரியும். 30 பாகை செல்சியசில் உள்ள காற்றின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால், இழப்பே இல்லாத அமுக்கியில்கூட அது 96 பாகைக்கு வந்துவிடும். 70 விழுக்காடு பயனுறுதிறன் உள்ள அமுக்கியில் 125 பாகை. அதனால்தான் இடையில் 'இன்டர்கூலர்' என்னும் குளிர்விப்பானை வைக்கிறார்கள்.

1962இல் வந்த ஒரு பாடம்

சூடான காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை மேலும் பத்து மடங்கு அமுக்கினால் என்ன ஆகும்? தீப்பொறி மூட்டிய சுவாலை வந்து சேருமுன்னரே, மூலையில் இருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை வரும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனே உடையும்.

1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை வெளியிட்டது. 3.5 லிட்டர் எஞ்சின், 215 குதிரைத் திறன், அமுக்க விகிதம் 10.25க்கு 1. தட்டலைத் தடுக்க அவர்கள் கண்ட வழி விந்தையானது. காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி, அதை எஞ்சினுக்குள் தெளித்துக் கலவையைக் குளிர வைத்தார்கள். இயற்பியல் சரிதான், மனித இயல்புதான் ஒத்துழைக்கவில்லை. தொட்டி காலியானால் நிரப்ப வேண்டும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. பத்தாயிரத்துக்கும் குறைவான வண்டிகளோடு 1963இல் ஜெட்ஃபயர் நின்றுபோனது.

நாம் ஆராயும் எஞ்சினின் அமுக்க விகிதம் 10.3. ஜெட்ஃபயருக்குச் சமம். ஆனால் நீர்த் தொட்டி இல்லை. பிறகு எப்படித் தப்பிக்கிறது? பெட்ரோலையே குளிர்விக்கும் திரவமாக்கியிருக்கிறார்கள். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோ ஜூல் வெப்பம் தேவை. அது எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் ஆவியானால் அந்த வெப்பத்தை உள்ளே இருக்கும் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். வகுத்துப் பார்த்தால் காற்றின் வெப்பநிலை 24 பாகை வரை இறங்கலாம்.

24 பாகை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வெப்பமாற்றீடற்ற அமுக்கத்தில், ஆதர்ச வாயு எனக் கொண்டால், 10.3 மடங்கு அமுக்கும்போது தனி வெப்பநிலை 2.5 மடங்காகிறது. ஆகவே தொடக்கத்தில் குறைந்த 24 பாகை முடிவில் 60 பாகையாகப் பெருகும். தட்டலுக்கும் தட்டலின்மைக்கும் இடையே நிற்பது இந்த 60 பாகைதான். சோடியம் அடைத்த புகை வால்வுகளும், பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் அமைப்பும் இதே நோக்கத்துக்கு உதவுகின்றன. இந்த இடத்தில் வடிவமைத்தவர்களை மனமாரப் பாராட்டலாம்.

நிறையின் வேரிலேயே குறை

இப்போது ஒரு கேள்வி. பெட்ரோல் ஆவியாகும் என்று சொன்னோமே, ஆகாவிட்டால்?

சுழிக்குக் கீழே 20 பாகைக் குளிரில் இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பீய்ச்சிய பெட்ரோலில் ஒரு பங்கு ஆவியாகாமல் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரில் படிகிறது. பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையே வழிந்து கீழே போய் எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. இது எல்லாப் பெட்ரோல் எஞ்சினிலும் ஓரளவு நடப்பதுதான். அந்த 2.4 லிட்டர் எஞ்சினும் நேரடிப் பீய்ச்சல் எஞ்சினே. ஆனால் அதன் சிலிண்டர் விட்டம் 87 மி.மீ.; சின்னதில் 73. இரண்டும் ஒரே அளவு வேலை செய்வதால், ஏறத்தாழ ஒரே அளவு பெட்ரோலை உள்ளே விட வேண்டும். குறுகிய அறையில் அதே அளவைப் பீய்ச்சினால் சுவரில் படும் வாய்ப்பு கூடத்தானே செய்யும்?

கலந்த பெட்ரோல் வெளியேறவும் வழி உண்டு. ஆயில் 90, 100 பாகைக்குச் சூடாகிச் சிறிது நேரம் அப்படியே இருந்தால், பெட்ரோல் ஆவியாகி மீண்டும் காற்றுக் குழாய்க்கே போய் எரிந்துவிடும். ஆனால் வண்டி மூன்று கிலோமீட்டர் ஓடிக் கடைவாசலில் நின்றுவிட்டால்? ஆயில் சூடாகவே இல்லை. மாலையில் மறுபடியும் மூன்று கிலோமீட்டர். நாளுக்கு நாள் பெட்ரோல் சேர்ந்துகொண்டே போகும். இந்த எஞ்சினின் ஆயில் கொள்ளளவு ஏறக்குறைய மூன்றரை லிட்டர்தான். அதில் கால் லிட்டர் பெட்ரோல் சேர்ந்தாலும் பாகியல் தன்மை குறையும். பேரிங்குகளுக்கு இடையே நிற்க வேண்டிய ஆயில் படலம் மெலியும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2018 தொடக்கத்தில் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் ஆயில் மட்டம் உயர்கிறது, வண்டிக்குள் பெட்ரோல் வாடை வருகிறது என்று புகார்கள் குவிந்தன. அங்கே இந்த வண்டியின் விற்பனையே சிறிது காலம் நிறுத்தப்பட்டது. வட அமெரிக்காவின் குளிர் மாநிலங்களிலும் அதே புகார். நிறுவனம் செய்த திருத்தம் என்ன தெரியுமா? எஞ்சின் விரைவாகச் சூடாகும்படி கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியது. 2019இல், 2017, 2018ஆம் ஆண்டு சி.ஆர்.-வி வண்டிகளுக்கும் 2016 முதல் 2018 வரையிலான சிவிக் டர்போ வண்டிகளுக்கும் எஞ்சின் உத்தரவாதத்தை ஐந்தாண்டிலிருந்து ஆறாண்டாக நீட்டித்தது.

திருத்தத்தைக் கவனியுங்கள். மருந்து 'வெப்பம்' என்றால் நோய் 'வெப்பமின்மை' என்று ஆகிறது. எஞ்சின் சிக்கனமாக ஓட வேண்டும், வீண் வெப்பம் குறைய வேண்டும் என்றுதான் வடிவமைத்தார்கள். வீண் வெப்பம் குறைந்தால் எஞ்சின் சூடாகத் தாமதமாகும். பெட்ரோலை உள்ளே பீய்ச்சித் தட்டலை அடக்கினார்கள். அதே பீய்ச்சல்தான் குளிரில் சுவரை நனைக்கிறது. எஞ்சினின் நிறையும் குறையும் ஒரே கிளையில் காய்த்தவை.

இந்த வகை எஞ்சின்களின் மற்ற தொல்லைகள்

ஒரு நிறுவனத்தை மட்டும் குறை சொல்லி நிறுத்துவது நியாயம் அன்று. நேரடிப் பீய்ச்சல் உள்ள டர்போ எஞ்சின்களுக்குப் பொதுவான இரண்டு தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, குறைந்த வேகத்தில் முந்திய பற்றல். 1500, 2000 சுற்றில் முழு இழுவை கேட்கும்போது, ஆயிலும் பெட்ரோலும் கலந்த ஒரு துளி தீப்பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடலாம். அழுத்தம் திடீரென எகிறிப் பிஸ்டன் உடையக்கூடும். ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் கலந்த துப்புரவுப் பொருள் இதைத் தூண்டுகிறது என்று கண்டறிந்தார்கள். இதைத் தடுக்கும் தேர்வில் தேறிய ஆயில்களுக்காக 2018இல் 'எஸ்.என். பிளஸ்' என்ற தரமும், 2020இல் 'எஸ்.பி.' என்ற தரமும் வந்தன. ஆயில் டப்பாவின் மேல் இருக்கும் இந்த இரண்டு எழுத்துகளை வாங்குமுன் படியுங்கள்.

இரண்டாவது, கரிப் படிவு. பழைய முறையில் பெட்ரோல் உள்வழி வால்வின் மேல் தெளிக்கப்பட்டு அதைக் கழுவிக்கொண்டே போகும். நேரடிப் பீய்ச்சலில் அந்தக் கழுவல் இல்லை. ஆயில் ஆவி வால்வில் படிந்து கரியாகிறது. டொயோட்டா நிறுவனம் 2005 முதல் சில எஞ்சின்களில் இரண்டு வகைப் பீய்ச்சிகளையும் சேர்த்தே பொருத்தியது. அதனால் கிடைத்த நன்மைகளில் வால்வு சுத்தமாக இருப்பதும் ஒன்று.

மிச்சம் எவ்வளவு?

இத்தனை பாடும் எதற்காக? பெட்ரோல் மிச்சப்படத்தானே? அமெரிக்க அரசின் சோதனைப்படி, முன்சக்கர இயக்கமுள்ள 2017 வண்டியில் 2.4 லிட்டர் எஞ்சினுக்குக் கேலனுக்கு 28 மைல், டர்போவுக்கு 30 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 11.9 கி.மீ.யும் 12.75 கி.மீ.யும். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் மிச்சம் ஏறத்தாழ 84 லிட்டர். மறுக்க முடியாத மிச்சம். ஆனால் கொள்ளளவு குறைந்த அளவுக்கு அது இல்லை. கொள்ளளவு 36 விழுக்காடு குறைந்தது. செலவு 7 விழுக்காடுதான் குறைந்தது. பெரிய எஞ்சின் என்றால் பெரிய செலவு, சின்ன எஞ்சின் என்றால் சின்னச் செலவு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் பரவியிருக்கிறது. பெட்ரோல் கார்களுக்கு 1200 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு மீட்டர் நீளமும் வரி விதிப்பின் எல்லைக் கோடுகள். அதனால் எல்லைக்குள் நிற்கும் சின்ன டர்போ எஞ்சின்கள் இங்கே பெருகிவிட்டன. நம் சமவெளியில் மின்னெசோட்டாவின் குளிர் இல்லை. ஆகவே அங்கே வந்த குறை அதே அளவில் இங்கேயும் வரும் என்று பயமுறுத்துவது அறிவியல் ஆகாது. ஆனால் இரண்டு கிலோமீட்டர் போய்ப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் பழக்கம் இங்கேயும் உண்டு. ஆயில் சூடாகுமுன் அணைக்கப்படும் எஞ்சின் எந்த ஊரிலும் துன்பப்படவே செய்யும்.

தீர்ப்பு

எஞ்சின் திறமையான படைப்பு. என் குறை விவரத்தாளின் மீதுதான். எத்தனை சுற்றில் எவ்வளவு திறன் என்று அது சொல்கிறது. எந்தக் குளிரில், எத்தனை நிமிட ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சின் தன் இயல்பான வெப்பநிலைக்கு வரும் என்று சொல்வதில்லை. வாங்குபவரின் வாழ்க்கைக்கு ஒட்டிய எண் இரண்டாவதுதான். அதைக் கேட்டால் விற்பவரிடம் பதில் இராது. ஏனென்றால் யாரும் அதைக் கேட்பதில்லை.

மாணவரிடம் கடைசியில் நான் சொன்னது இது: "தம்பி, அண்ணனிடம் நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல். மென்பொருள் திருத்தம் செய்யப்பட்டதா? ஆயில் மாற்றிய சீட்டுகள் இருக்கின்றனவா? டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா? அவர் தினமும் எத்தனை தூரம் ஓட்டப்போகிறார்? நீட்டித்த ஆறாண்டு உத்தரவாதமும் முடிந்துபோன வண்டி அது. அலுவலகம் 40 கிலோமீட்டர் என்றால் அந்த எஞ்சின் நன்றாகவே உழைக்கும். மூன்று கிலோமீட்டர் என்றால் 2.4 லிட்டர் வண்டியைத் தேடச் சொல்."

மறுநாள் அவர் வந்து, "அண்ணன் வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு கிலோமீட்டர்தான் சார்" என்றார்.

ஆயில் மட்டம் உயர்வது நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். எஞ்சின் ஆயில் குறையலாம், தானாகக் கூடாது. கூடினால் வேறு ஏதோ ஒன்று அதில் கலக்கிறது என்றுதான் பொருள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு டர்போ வண்டி இருந்தால், அதன் விவரத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு மேலே செய்த மூன்று கணக்குகளையும் செய்து பாருங்கள்: 2000 சுற்றில் திறன் எவ்வளவு, ஒரு சுழற்சியில் வேலை எவ்வளவு, பயனுறு அழுத்தம் எவ்வளவு. அரைப் பக்கத் தாளும் பென்சிலும் போதும்.